மக்கோந்த் முனையில் வண்டி நிறுத்துபவர்களுக்கு

போன ஞாயிறு, மொரீஷியஸின் தெற்குக் கடலோரத்தில், மக்கோந்த் வளைவின் நடுவில் ஒரு வாடகைக் கார், நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டு நின்றது. வண்டி ஓட்ட வந்த புதிதில் என் வேனும் அதே இடத்தில்தான் நின்றது. தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றி யாரும் சொல்லுவார்கள், நான் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கம் வருகிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

“ரெண்டே நிமிஷம்” என்று வளைவில் நிறுத்துவது

லு மோர்ன் பக்கமிருந்து பே-து-காப் போகும் கடலோரச் சாலை, மக்கோந்த் பாறையைச் சுற்றிக் கொண்டை ஊசி போலத் திரும்புகிறது. பாறைமேல் படியேறினால் தூரத்தில் பவளத்திட்டில் அலை வெள்ளையாக உடைவது தெரியும். கீழே சாலையில் எதிரே வருவது தெரியாது. “ஓரமாகத்தானே நிற்கிறது” என்பார்கள். அங்கே ஏது ஓரம்?

என் வேன் அங்கே நின்ற அன்று, வண்டியில் மதுரையிலிருந்து வந்த குடும்பம். “தம்பி, ஒரே ஒரு போட்டோ” என்றார் பெரியம்மா. மறுக்க மனசு வரவில்லை. அந்தப் பக்கம் பஸ், இந்தப் பக்கம் கரும்பு லாரி. பஸ் கண்டக்டர் இறங்கி வந்து கையை ஆட்டி ஆட்டி வழி சொல்ல, பஸ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அப்புறம் ஒரு சத்தம். என் பக்கக் கண்ணாடி தொங்கியது, கதவில் முழ நீளத்துக்குக் கீறல். ஒரு வாரச் சம்பாத்தியம் போச்சு. பெரியம்மா போட்டோவில் கண்ணை மூடியிருந்தார்.

வளைவைத் தாண்டி, சாலை நேரான பிறகு, நாலு சக்கரமும் தாருக்கு வெளியே நிற்கும்படி நிறுத்துங்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நடங்கள். ஐந்து நிமிட நடைக்குச் சோம்பல்பட்டுத்தான் நான் அவ்வளவும் அழுதேன். இன்றும் எரிகிறது.

கொஞ்ச நேரம் நின்று போகலாம் என்று இதே பே-து-காப்பில் 1803 டிசம்பரில் ஒழுகும் கப்பலோடு வந்தவர், ஆஸ்திரேலியக் கடற்கரையை வரைபடமாக்கிய ஆங்கிலேய மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸ். தீவு அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். ஒற்றன் என்று சந்தேகப்பட்டுப் பிடித்துவைத்தார்கள். கிளம்பும்போது 1810. எனக்குக் கண்ணாடியோடு போயிற்று.

சூரியனை நம்பித் தாமதிப்பது

ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். நாலரைக்கு அங்கே இருங்கள்.

பசியோடு போவது

வழியிலேயே காத்தோ பிமான் (மிளகாய் போட்ட பருப்பு வடை) கட்டிக்கொள்ளுங்கள்.

க்ரி க்ரியில் குளிப்பது

வேண்டாம். க்ரி க்ரி இருக்கும் சுய்யாக் ஊர்ப் பக்கம் அலையைத் தடுக்கப் பவளத்திட்டு இல்லை. மேலே நின்று பாருங்கள். அதுவும் கடலுக்கு முதுகு காட்டி, பின்னால் பின்னால் நகர்ந்து செல்ஃபி எடுக்காமல்.