நின்றபடி புல்லறுக்கும் நீள்பிடி அரிவாள்: முதல் மாதத்தில் செய்யும் தவறுகள்

பெங்களூரு கனகபுரா ரோடு பக்கம் கால் ஏக்கர் நிலமோ, லேஅவுட்டில் ஒரு 30க்கு 40 அடி சைட்டோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஜூன் மழை பிடித்துவிட்டால் புல் எப்படி ஏறும் என்று. பிரஷ் கட்டர் சத்தமும் பெட்ரோலும் வேண்டாம் என்று ஆஸ்திரிய வகை நீள்பிடி அரிவாளை வாங்குவது நல்ல முடிவுதான். ஆனால் நமக்கு ஊரில் பழகிய கை கதிர் அரிவாள் கை, அதுதான் இங்கே முதல் தடை.

கதிர் அரிவாளில் இடது கை புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும், வலது கை தன் பக்கம் இழுக்கும். இதில் இரண்டு கையும் பிடியில் இருக்கின்றன, புல்லைப் பிடிக்க ஆளே இல்லை. ஓங்கி வெட்டினால் புல் சாய்ந்து படுத்துக்கொள்ளும், அலகின் நுனி மண்ணில் குத்தும், மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளும். அரிவாள்மனையில் கீரை அரிபவர்களுக்கு இது புரியும், அழுத்தினால் கீரை நசுங்கும், வழுக்கி ஓட்டினால்தான் அரிபடும். அலகின் அடிப்பக்கம் தரையில் படிந்தபடியே வலமிருந்து இடமாக அரைவட்டமாகப் போக வேண்டும், திரும்பி வரும்போதும் தூக்கக் கூடாது. திரும்புவது இடுப்பு, கை கூடவே வரும், அவ்வளவுதான். ஒரு வீச்சுக்கு முன்னால் இரண்டு மூன்று அங்குலப் புல் போதும். அரை அடி எடுக்க ஆசைப்பட்டால் அங்கே பலம் போட வேண்டிவரும், பலம் போட்டால் மறுபடி ஓங்குவீர்கள். அறுத்து முடித்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள்: நடுவில் குட்டையாகவும் இரண்டு ஓரத்திலும் உயரமாகவும் புல் நின்றால், வீச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் அலகைத் தூக்கியிருக்கிறீர்கள்.

கழியில் உள்ள இரண்டு கைப்பிடிகளையும் வாங்கியபடியே வைத்து வேலையைத் தொடங்குவது அடுத்த தவறு. கழியை நேராக நிறுத்தினால் கீழ்ப்பிடி உங்கள் இடுப்பு மூட்டு உயரத்துக்கு வர வேண்டும், இரண்டு பிடிக்கும் நடுவே ஒரு முழம், அதாவது உங்கள் சொந்த முழம். அப்படி இருந்தால் குனியாமல் நிற்கலாம்.

கூர்மை விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் நடக்கக் கூடாது. சைக்கிளில் சாணை பிடிக்க வந்தவரிடம் என் அலகைக் கொடுத்தேன். பொறி பறந்தது, பளபளவென்று திரும்பி வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் விளிம்பை ஒட்டி விரல் நீளத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. சூடேறி இரும்பின் பதம் போய்விட்டது, அதன் பிறகு அந்த இடம் மட்டும் பத்து வீச்சுக்குள் மழுங்கியது. இந்த வகை அலகின் விளிம்பைச் சின்னப் பட்டடையில் வைத்துச் சூடாக்காமல் சுத்தியலால் தட்டித்தான் மெல்லிசாக்க வேண்டும். சில மணி நேர அறுப்புக்கு ஒருமுறை அந்தத் தட்டல், அப்புறம் அறுக்கும்போது ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நனைத்த தீட்டுக்கல். கல்லைத் தண்ணீரோடு இடுப்பிலேயே கட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் வைத்தால் தீட்டவே மாட்டீர்கள். தீட்டும் நேரத்தில்தான் விரல் வெட்டுப்படும். அலகை முதலில் ஒரு பிடி புல்லால் முதுகுப்பக்கமிருந்து துடைத்து, கழியை ஒட்டிய பக்கத்திலிருந்து நுனி வரை நிதானமாக, ஒருபுறம் மாற்றி மறுபுறம் தேயுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு டிபன் முடித்துவிட்டு இறங்குவதும் வேண்டாம். பனி படிந்த புல் கனமாக நிமிர்ந்து நிற்கும், அலகு வழுக்கி ஓடும். காய்ந்த புல் வளைந்து நழுவும். ஆறு, ஆறரைக்கே போய்விடுங்கள்.

போனதும் அறுக்கத் தொடங்காதீர்கள். காலி சைட் என்றால் ஜல்லி, கட்டுக்கம்பி, உடைந்த டைல்ஸ், எல்லைக்கல் எல்லாம் புல்லுக்குள் கிடக்கும், ஒரு கல்லில் பட்டால் மெல்லிய விளிம்பு கிழிந்துவிடும். நீளமான கம்பால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்தால் கல்லும் தெரியும், பாம்பு இருந்தாலும் விலகிப் போக நேரம் கிடைக்கும், பூட்ஸ் கட்டாயம். பார்த்தீனியம் இருந்தால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு, பூ வைப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிட்டு மிச்சத்துக்கு அரிவாளை எடுங்கள். அறுத்துவிட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.