ஃபிஷ் அன் சிப்ஸ் கடை எடுப்பதற்கு முன்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரித்தானியாவுக்கு வந்து சில ஆண்டுகள் பிறரிடம் வேலை செய்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், "ஒரு கடை எடுத்தால் என்ன?" என்ற எண்ணம் நம்மவர்களில் பலருக்கு வந்துவிடுகிறது. பலசரக்குக் கடையும் பெட்ரோல் நிலையமும் நமக்குப் பழகிய தொழில்கள். மாவில் தோய்த்துப் பொரித்த மீனையும் தடிப்பாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கையும் விற்கும் ஃபிஷ் அன் சிப்ஸ் கடை அப்படியல்ல. முப்பது, நாற்பது ஆண்டுகள் கடையை நடத்திய ஒரு குடும்பம் ஓய்வுபெற விரும்பும்போது, எடுத்து நடத்தப் பிள்ளைகள் இல்லாததால் அது விற்பனைக்கு வருகிறது; விலையும் எட்டக்கூடியதாகத் தெரிகிறது. யார்க்‌ஷையரில் அப்படியொரு கடையை எடுத்து நடத்திவருபவன் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விசாவைப் பாருங்கள். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யவோ வணிகம் நடத்தவோ கூடாது. ஒரு நிறுவனத்தின் ஆதரவில் வேலை விசாவில் வந்தவர் அந்த வேலையோடு கட்டுப்பட்டவர். புகலிடம் கோரி முடிவுக்காகக் காத்திருப்பவருக்கும் சுயதொழில் அனுமதி இல்லை. படிப்பு முடித்தபின் கிடைக்கும் பட்டதாரி விசாவிலும், துணைவராக வந்தவருக்குக் கிடைக்கும் விசாவிலும் பெரும்பாலும் அனுமதி உண்டு. நிரந்தர வதிவிடம் பெற்றவருக்குத் தடையே இல்லை. "உறவினர் பெயரில் எடுத்துவிட்டு நான் நடத்துகிறேன்" என்று சிலர் செய்கிறார்கள். அதனால் பணமும் உறவும் விசாவும் ஒன்றாகப் போன வீடுகளை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அந்த வழியில் இறங்காதீர்கள்.

விசா இடம் கொடுக்கிறது என்றால், கடை தேடுவதற்கு முன் ஒரு ஃபிஷ் அன் சிப்ஸ் கடையில் ஆறு மாதமாவது சம்பளத்துக்கு வேலை செய்யுங்கள். நான் எட்டு மாதம் வேலை செய்தேன். உருளைக்கிழங்கு உரிக்கும் இயந்திரத்தில் தொடங்கி, கடைசியில்தான் மீன் பொரிக்க விட்டார்கள். மாவில் தோய்த்த மீனை வாலில் பிடித்து, கொதிக்கும் எண்ணெயில் ஓரிரு விநாடி முன்னும் பின்னும் அலசி, மாவு லேசாகப் பொங்கத் தொடங்கியதும் நம்மைவிட்டு அப்பால் போகும்படி மெல்ல விட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் மீன் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், எண்ணெயும் கையில் தெறிக்கும். இதைக் கை பழகித்தான் கற்க முடியும். மீன் பொரிப்போர் தேசியக் கூட்டமைப்பு 1913இல் தொடங்கப்பட்டது. லீட்ஸ் நகரில் அது நடத்தும் பயிற்சி வகுப்புகளும் உள்ளன. கட்டணம் உண்டு, ஆனால் வீண்போகாது.

இந்த உணவின் வரலாற்றையும் சற்று அறிந்துகொள்ளுங்கள். மீனை மாவில் தோய்த்துப் பொரிக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளிலிருந்து வந்த யூதர்கள். 1860களில் கிழக்கு லண்டனிலும் லங்காஷையரின் மொஸ்லியிலும் மீனும் சிப்ஸும் ஒன்றாக விற்ற கடைகள் தோன்றின. எது முதல் கடை என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பின்னர் இத்தாலியர், சைப்பிரஸ் கிரேக்கர், சீனர் என்று வந்தவர்கள் பலர் இக்கடைகளை எடுத்து நடத்தினார்கள். ஆகவே கடைக்குள் நீங்கள் அந்நியராக நிற்பதாக எண்ணித் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கு ஊர் வாய்ப்பழக்கம் வேறு என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

யார்க்‌ஷையரிலும் ஸ்கொட்லாந்திலும் ஹடொக் மீன்தான் கேட்பார்கள். தெற்கே கொட் மீன். லண்டனில் சவலோய் என்ற சிவந்த சொசேஜும் ரொக் சமன் எனப்படும் சிறுசுறா வகையும் ஓடும். வடக்கே அவற்றைத் தேடுபவர் குறைவு. பிசைந்த பட்டாணியும் கிரேவியும் இல்லாத வடக்கத்திக் கடையைக் கடையென்றே மதிக்க மாட்டார்கள். எடின்பரோவில் உப்பும் வினிகரும் போதாது, பழுப்பு நிறச் சோஸ் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பொரிக்கும் கொழுப்பு. யார்க்‌ஷையரின் பல பகுதிகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதே மரபு. மற்ற இடங்களில் தாவர எண்ணெய். நீங்கள் சைவராக இருந்து மாட்டுக்கொழுப்பைக் கையால் தொட மனம் ஒப்பாவிட்டால், அதை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னரே வீட்டில் இருந்து பேசி முடிவெடுங்கள். எடுத்தபின் எண்ணெயை மாற்றிக்கொள்ளலாம் என்பது தவறான கணக்கு. மாற்றிய முதல் வாரத்திலேயே சுவை வேறாகிவிட்டது என்று ஊர் சொல்லிவிடும். மனம் ஒப்பாதவர்கள் தாவர எண்ணெய் ஊர்களிலேயே கடை தேடுவது நல்லது.

அதேபோல், வந்த கையோடு பட்டியலில் கொத்துரொட்டியையும் மீன் குழம்பையும் சேர்த்துவிடாதீர்கள். சிப்ஸ் மேல் ஊற்றும் கறிச் சோஸ் நம் குழம்பு அல்ல. இனிப்பு கலந்த, காரம் குறைந்த, கொழகொழப்பான அதைத்தான் சிறுவயது முதல் தின்று வளர்ந்திருக்கிறார்கள். அதில் உங்கள் கைப்பக்குவத்தைக் காட்ட வேண்டாம். நான் ஒரு வருடம் கழித்துத்தான் நம் பக்கத்து மீன் கட்லட்டைத் தட்டில் வைத்தேன். அதற்குள் ஊர் என்னை நம்பியிருந்தது.

உருளைக்கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தோற்றது அங்கேதான். முதல் குளிர்காலத்தில் இடம் போதாமல் பத்து மூட்டைகளைப் பின்முற்றக் கொட்டகையில் வைத்துவிட்டேன். சில நாட்கள் கடுங்குளிர். பிறகு பொரித்த சிப்ஸ் எல்லாம் வெளியே கறுத்து, உள்ளே வேகாமல், இனித்துக்கொண்டு வந்தன. கிழங்கு அதிகம் குளிர்ந்தால் அதிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறும், அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கறுக்கிறது என்பதைப் பிறகே அறிந்தேன். வெள்ளிக்கிழமை மாலையில் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கிழங்கை இருட்டில், உறையாத, அளவான குளிர்ச்சியில் வையுங்கள். மாரிஸ் பைப்பர் போன்ற மாவுத்தன்மையுள்ள வகையை வாங்குங்கள். கோடைத் தொடக்கத்தில் பழைய கிழங்கு முடிந்து புதுக்கிழங்கு வரும் வாரங்களில் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கிழங்கைப் பொரித்துப் பார்த்தபின் மற்றவற்றை உரியுங்கள்.

இனிக் கடையின் கணக்கு. விற்பவர் சொல்லும் வாரவருமானத்தை அப்படியே நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக் கணக்கறிக்கையையும் வற் (VAT) எனும் மதிப்புக்கூட்டு வரிக் கணக்குகளையும் கேளுங்கள். அதோடு மீன் பெட்டிகளுக்கும் கிழங்கு மூட்டைகளுக்கும் அவர் செலுத்திய பில்களையும் கேளுங்கள். வாரம் எத்தனை மூட்டை தீர்கிறது என்பது தெரிந்தால், வேலை செய்து பழகிய உங்களுக்கு விற்பனை எவ்வளவு இருக்கும் என்பது தானாகத் தெரியும். சுடச்சுட விற்கும் உணவுக்கு வற் 20 வீதம். 12 பவுண்டுக்கு விற்கும் ஒரு பொதியில் 2 பவுண்டு அரசுக்குரியது. அதை உங்கள் பணமாக நினைத்துச் செலவழித்தவர்கள்தான் மூன்றாம் மாதம் தடுமாறுகிறார்கள். ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் வற் பதிவு கட்டாயம். ஓரளவு ஓடும் கடை இதைத் தாண்டிவிடும். மீன் விலையும் முன்புபோல் இல்லை. நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் கொட் பிடிக்கும் அளவை 2025ஆம் ஆண்டுக்கு 340,000 தொன்னாகக் குறைத்தார்கள். அது முந்தைய ஆண்டைவிடக் கால்வாசி குறைவு. பழைய கணக்கில் உள்ள மீன் விலையை இன்றைய விலையாக மாற்றிப் போட்டுப் பார்த்தே இலாபத்தை மதிப்பிடுங்கள்.

லீஸ் (குத்தகை) பத்திரத்தை உங்களுக்கென்று நீங்கள் அமர்த்திய சட்டத்தரணியிடம் கொடுங்கள். விற்பவரின் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச மாட்டார். இன்னும் எத்தனை ஆண்டு மீதம், வாடகை எப்போது உயரும், கூரை ஒழுகினால் யார் செலவு, இங்கிலாந்தில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தரும் குத்தகைப் பாதுகாப்பு (காலம் முடிந்ததும் குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை) பத்திரத்தில் விலக்கப்பட்டுள்ளதா என்ற நான்கையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பணத்துக்குச் சீட்டு எடுப்பதும் உறவினரிடம் கைமாற்று வாங்குவதும் நம் வழக்கம். அதில் தவறில்லை, எவ்வளவு, எப்போது திருப்புவது என்பதைக் கடதாசியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இருக்கும் ஊழியர்கள் பழைய ஒப்பந்தத்துடனேயே உங்களிடம் வருவார்கள் என்பதும் சட்டம். அவர்களை இழக்காதீர்கள், எந்தப் பாட்டிக்குச் சிறிய மீன், எந்தப் பிள்ளைக்கு வினிகர் வேண்டாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றத்தோடு உள்ள வேலைகள் கடினமல்ல, காலம் தவறக்கூடாது. கைமாறும் கடையானாலும் திறப்பதற்கு 28 நாள் முன்னர் உணவு வணிகமாக உங்கள் பெயரில் பதிய வேண்டும், பதிவு இலவசம். பழைய உரிமையாளர் சுகாதாரத்துக்குப் பெற்ற 5 என்ற உச்ச மதிப்பெண் உங்களுடையதாகாது, உங்களுக்குப் புதிதாகச் சோதனை வரும். இரவு 11 மணிக்குப் பிறகு சுடுஉணவு விற்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனி உரிமம் வேண்டும். ஒவ்வாமை தரும் 14 பொருட்களில் எவை எந்த உணவில் உள்ளன என்பதை எழுதி வைத்திருங்கள். மோல்ட் வினிகரில் பார்லி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்த்து நகலை வைத்திருங்கள். அனுமதியற்றவரை வேலைக்கு வைத்தால் முதல் முறையிலேயே ஒருவருக்கு 45,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம், தெரிந்தவர் மகன் என்ற காரணம் அங்கே எடுபடாது.

கடையைக் கையேற்கும் மாதத்தைத் தேர்ந்துகொள்ள முடியுமானால், ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களைத் தவிருங்கள். பெரிய வெள்ளிதான் இத்தொழிலில் ஆண்டின் மிகப் பெரிய நாள். இறைச்சி உண்ணாத அந்த நாளில் வரிசை கடைக்கு வெளியே தெருமுனை வரை நிற்கும். மீனை வாரக்கணக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டும், எண்ணெய்ச் சட்டிகள் அனைத்தும் ஓட வேண்டும். உப்பும் வினிகரும் போடவா, திறந்து தரவா சுற்றித் தரவா என்ற இரண்டு கேள்விகளை அன்று நானூறு முறை கேட்டிருப்பேன். புதியவருக்கு அது தாங்காது.

கடையைப் பூட்டும் நேரத்தில் செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எண்ணெயிலிருந்து வடித்தெடுத்த பொரிமாவுத் துணுக்குகளைச் சூட்டோடு குவித்துக் குப்பைப் பையில் போட்டால், குவியலின் நடுவே சூடு ஏறி, யாரும் இல்லாத நள்ளிரவில் தானாகவே தீப்பற்றும். அவற்றை அகலமான உலோகத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட்டு, கட்டடத்தைவிட்டுத் தள்ளி வெளியே வையுங்கள். இதை வேறொருவர் செய்திருப்பார் என்று நம்பிப் போகாமல், உங்கள் கண்ணால் பார்த்தபிறகே விளக்கை அணையுங்கள்.