கணிதத்துக்கு எவ்வளவு நேரம், இயற்பியலுக்கு எவ்வளவு நேரம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்பவர்கள் இவ்விரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், எந்தப் படிப்பில் சேர விருப்பம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. நீட் தேர்வில் கணிதமே கிடையாது, 720-இல் இயற்பியலுக்கு 180.

படிக்கும் நேரத்தைப் பங்கிட இந்த எண்கள் போதா. அதற்கு, தவறாகப் போட்ட இயற்பியல் கணக்குகளை எடுத்து, எந்த வரியில் வழி தவறியது என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி அணையில் நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டர் ஆழத்தில் ஒரு மதகு திறக்கப்படுவதாகக் கொள்வோம். உராய்வை ஒதுக்கிவிட்டு, நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று கண்டு, வேகத்தின் வர்க்கம் 2 × 10 (புவியீர்ப்பு முடுக்கம்) × 5 (ஆழம்), அதாவது 100 என்று எழுதும் வரை நடப்பது இயற்பியல். வர்க்கமூலம் எடுத்து +10, −10 என இரு விடைகளைத் தருவது கணிதம். நீர் வெளியேதான் பாயும் என்று −10-ஐ விலக்குவது மீண்டும் இயற்பியல். ஆழம் 1.25 மீட்டராகக் குறைந்தால் வேகம் நொடிக்கு 5 மீட்டர், அதாவது கால் பங்கு ஆழத்துக்குப் பாதி வேகம் என்பதைச் சமன்பாட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தால் உங்கள் கணிதம் உறுதியாக இருக்கிறது.

சமன்பாட்டையே எழுத வரவில்லை என்றால் சூத்திரங்களை மனப்பாடம் செய்து பயனில்லை. படம் வரைந்து, எந்த ஆற்றல் எதுவாக மாறுகிறது என்று சொற்களில் எழுதிப் பழக வேண்டும். எழுதிய பிறகு தடுமாறினால் கணிதத்துக்கே திரும்ப வேண்டும்.

2018-இல் வந்த பிளஸ் ஒன் இயற்பியல் பாடநூலில் வெக்டரும் நுண்கணிதமும் இரண்டாம் அலகிலேயே தேவைப்படுகின்றன. கணிதப் பாடநூலிலோ அவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. பலர் இயற்பியல் கடினம் என்று ஒதுங்குவது இந்த இடைவெளியால்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே கணித ஆசிரியரிடம் கேட்டு, வெக்டர் கூட்டலையும் எளிய வகையிடலையும் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை கணிதத்துக்கே கூடுதல் நேரம் தருவது நல்லது. அதன் பின் ஒவ்வொரு தேர்வுத்தாளிலும் தவறுகளை இரு பக்கமாகப் பிரித்து, எந்தப் பக்கம் மிகுந்திருக்கிறதோ அதற்கு நாள்தோறும் அரை மணி நேரத்தை மாற்றிக் கொடுங்கள்.