காயம் ஆறும் முன்னே கணக்கை முடிக்காதீர்கள்

கார் விபத்து நடந்து மூன்று வாரம். கழுத்துப் பட்டையோடு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்கிறார் மருத்துவர். “பரவாயில்லை சார், இப்ப நல்லாத்தான் இருக்கு.” ஓ.பி. சீட்டில் ஒரு வரி ஏறுகிறது: நோயாளி நலமாக உணர்கிறார். அன்று காலை அவருக்குச் சட்டை மாட்டிவிட்டது மனைவிதான். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. அது எந்தச் சீட்டிலும் இல்லை. இழப்பீட்டு வழக்கு விசாரணைக்கு வரும்போது இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் எடுத்துப் படிக்கப்போவது அந்த ஒரு வரியைத்தான்.

நான் பார்த்தவரை அதிகம் பேரைக் கெடுத்த தவறு இதுதான். பெரியவர் கேட்கிறாரே என்று மரியாதைக்குச் சொல்லும் பதில், ஆறிவிட்ட காயத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. அதற்காக மிகைப்படுத்த வேண்டாம். எது முடியவில்லை என்று அளவோடு சொல்லுங்கள். “வலிக்குது” என்பதைவிட “இருபது நிமிஷத்துக்கு மேல உட்கார முடியல, ராத்திரி ரெண்டு தடவை வலியில முழிப்பு வருது, வாளியை இடது கையாலதான் தூக்குறேன்” என்பது மருத்துவருக்கும் உதவும், வழக்குக்கும் உதவும். சீட்டை வாங்கியதும் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இழப்பீட்டில் இதுவரை செலவானது ஒரு பகுதிதான். அதற்கு பில் இருக்கிறது. இனிமேல் ஆகப்போகும் செலவு, இனிமேல் குறையப்போகும் வருமானம், அனுபவித்த வலி இவையெல்லாம் உடம்பு எவ்வளவு தூரம், எவ்வளவு காலத்தில் தேறுகிறது என்பதை வைத்தே மதிப்பிடப்படுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கார் விபத்துக் கழுத்துக் காயங்களுக்கு இதை அட்டவணையாகவே போட்டுவிட்டார்கள். 2021 மே 31-ல் அது நடைமுறைக்கு வந்தபோது, 3 மாதத்துக்குள் ஆறும் காயத்துக்கு 240 பவுண்டு; 18 மாதத்தைத் தாண்டி 24 மாதம் வரை நீடித்தால் 4,215 பவுண்டு. பிறகு இந்தத் தொகைகளை உயர்த்தியிருக்கிறார்கள். அதே கழுத்து, அதே இடி. குணமாகும் காலம்தான் தொகையை மாற்றுகிறது.

இது புரிந்தால், இன்சூரன்ஸ் தரப்பு நீட்டும் சமரசத் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதும் புரியும். மருத்துவமனை பில் நெருக்கும்போது, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும்போது, கையில் வரும் முதல் தொகை பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தாளில் “முழுமையான, இறுதியான தீர்வு” என்று இருக்கும். ஒப்பமிட்ட பிறகு முட்டிக்கு இன்னொரு அறுவை சிகிச்சை என்றால் அது பெரும்பாலும் உங்கள் செலவுதான். உடம்பு எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவதில்லை. கழுத்துச் சுளுக்கின் வலி அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோகூட ஆரம்பிக்கலாம். தலையில் அடிபட்ட வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மூளையைச் சுற்றி மெல்ல மெல்ல ரத்தம் கட்டி, வாரங்கள் கழித்தே தலைவலியாகவும் தடுமாற்றமாகவும் வெளிப்படலாம். மூட்டுக்குள் எலும்பு முறிந்திருந்தால் சில ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்மானம் வரலாம். உள்ளே வைத்த பிளேட்டை எடுக்க மறுபடி படுக்க வேண்டி வரலாம். காரில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது என்று ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் அதுவும் காயம்தான். அதற்கும் மருத்துவர் உண்டு, பதிவு உண்டு. மேலே சொன்ன இங்கிலாந்துச் சட்டம், கழுத்துக் காய வழக்குகளில் மருத்துவ அறிக்கை இல்லாமல் பேரம் பேசுவதையே தடை செய்திருக்கிறது. காரணம் இதுதான்.

அப்படியானால் எதுவரை பொறுப்பது? “இதற்கு மேல் சிகிச்சையால் பெரிய முன்னேற்றம் இருக்காது” என்று மருத்துவர் சொல்லும் கட்டம் ஒன்று வரும். சிலருக்கு அது பூரண குணம், சிலருக்குத் தங்கிவிட்ட குறை. அந்தக் கட்டத்தை எழுத்தில் வாங்கிய பிறகு தொகை பேசுங்கள்.

ஆனால் பேசுவதற்குப் பொறுப்பது வேறு, வழக்குப் போடுவதற்குப் பொறுப்பது வேறு. உடம்பு தேறட்டும் என்றிருந்து கெடுவைத் தவற விட்டவர்கள் உண்டு. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு செய்யச் சொல்கிறது. இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் கெடுவை முதல் மாதமே கேட்டுத் தெரிந்துகொண்டு மனுவைப் போட்டுவிடுங்கள். சிகிச்சை பாட்டுக்கு நடக்கட்டும்.

சிகிச்சையை நடுவில் விடுவதும் இதே அளவு பாதிக்கும். பன்னிரண்டு நாள் பிசியோதெரபி எழுதிக்கொடுத்திருக்க, நாலு நாள் போய்விட்டு நின்றுவிட்டால் எதிர்த்தரப்புக்கு இரண்டு வாதம் கிடைக்கிறது: வலி தீர்ந்ததால் நிறுத்திவிட்டார், அல்லது தன் அலட்சியத்தால் குறையை வளர்த்துக்கொண்டார். நியாயமான சிகிச்சையை எடுத்துக்கொண்டு பாதிப்பைக் குறைக்கும் கடமை காயம்பட்டவருக்கும் உண்டு என்பதைப் பல நாட்டு நீதிமன்றங்களும் பார்க்கின்றன. பணமில்லை, கூட்டிப்போக ஆளில்லை, அறுவை சிகிச்சைக்கு பயம் என்று எந்தக் காரணமானாலும் மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் ஏற்றுங்கள். பதிவான காரணத்துக்கு மதிப்பு உண்டு.

பழைய முதுகுவலியை மறைக்க வேண்டாம். பழைய ஸ்கேன் எப்படியும் வெளியே வரும்; வந்தால் நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். ஏற்கெனவே பலவீனமான உடம்பு என்பது இடித்தவருக்குச் சாக்காகாது என்பது ஆங்கிலேயச் சட்டமரபில் வந்த நாடுகளில் ஊன்றிய விதி. முன்பு எப்படி இருந்தது, விபத்து எவ்வளவு கூட்டியது என்று பிரித்துக் காட்டினால் போதும். அதேபோல, இடுப்பு வலி என்று மனு போட்டுவிட்டு கல்யாண வீட்டில் ஆடும் வீடியோவைப் பகிர்ந்தால், ஒரு நிமிட ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு நாள் படுத்திருந்தது யாருக்கும் தெரியாது.

கடைசியாக, ஊனத்தின் சதவீதம். ஊனச் சான்றிதழில் இருக்கும் எண்ணும், பிழைப்பில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல. 2010-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதை விளக்கியது: இடது கையை இழந்தவருக்கு உடல் ஊனம் சுமார் 60 சதவீதம் என்றாலும், அவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு ஏறக்குறைய 100 சதவீதமாக இருக்கலாம், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். ஆகவே சான்றிதழ் வாங்கப் போகும்போது உங்கள் வேலையை மருத்துவருக்கு விளக்குங்கள். ஏணியில் நிற்பதா, நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பதா, எத்தனை கிலோ தூக்குவது, எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். முடிந்தவரை உங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரிடமே வாங்குங்கள், விசாரணையில் வந்து சொல்ல முடியுமா என்றும் கேட்டு வையுங்கள். தோளுக்கு மேல் கை போகாது என்ற ஒரு வரி அதில் இருந்தால்தான், சுவருக்கு வண்ணம் அடித்துப் பிழைத்தவர் எதை இழந்தார் என்பது நீதிபதிக்குத் தெரியும்.