சென்னை–சிங்கப்பூர் ஃப்ளைட் எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்? நீங்களே கணக்கு போடலாம்

மொதல்ல தூரம். கூகுள் மேப்ஸ்ல டைரக்‌ஷன்ஸ் போட்டா ரோட்டு வழி தேடும், அது இதுக்கு உதவாது. கம்ப்யூட்டர்ல மேப்பைத் திறந்து சென்னை ஏர்போர்ட் மேல ரைட் க்ளிக் பண்ணுங்க, தூரத்தை அளக்குற ஆப்ஷன் ஒண்ணு வரும், அதை அமுக்கிட்டு சாங்கி ஏர்போர்ட்டை க்ளிக் பண்ணா 2,900 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல காட்டும். உலகம் உருண்டைங்கிறதையும் சேர்த்து போட்ட கணக்குதான் அது, அதனால ரொம்ப தூரம் அளந்தீங்கன்னா கோடு வளைஞ்சு தெரியும், பயப்படாதீங்க, அதுதான் குறுக்கு வழி.

அடுத்தது நேரம். ஜெட் விமானம் மேல ஏறினப்புறம் மணிக்கு 850லேர்ந்து 900 கிலோமீட்டர் வேகத்துல போகும். 2,900ஐ 850ஆல வகுத்தா மூணு மணி இருவத்தஞ்சு நிமிஷம் வருதா, அதோட அரை மணியிலேர்ந்து முக்கால் மணி சேர்த்துக்கோங்க, ஏன்னா ரன்வே வரைக்கும் மெதுவா உருண்டு போகணும், மேல ஏறணும், எறங்கும்போது வேகத்தைக் கொறைக்கணும், அப்புறம் கேட்டுக்கு வந்து நிக்கணும். ஆக நாலு மணி சொச்சம். டிக்கெட்ல இதுக்கு மேலயும் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருப்பாங்க, ட்ராஃபிக்ல லேட்டானாலும் சமாளிக்கணும்ல.

நெறைய பேர் குழம்புறது டிக்கெட்ல இருக்குற மணியைப் பாத்துதான். கெளம்புற நேரம் சென்னை டைம், போய்ச் சேர்ற நேரம் சிங்கப்பூர் டைம். சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. ராத்திரி 11:15க்கு கெளம்பி காலைல 6:00 மணிக்கு எறங்குதுன்னு வைங்க, பாத்தா ஆறே முக்கால் மணி நேரம் மாதிரி இருக்கும், ரெண்டரையைக் கழிச்சா நாலேகால்தான். திரும்பி வரும்போது கூட்டணும்: சாயங்காலம் 8:00 மணிக்கு ஏறி 9:50க்கு சென்னைல எறங்கினா ஒரு மணி அம்பது நிமிஷத்துல வந்துட்டோம்னு அர்த்தம் இல்ல, நாலு மணி இருவது நிமிஷம் ஆயிருக்கு.

இந்த ரூட்ல போறதுக்கும் வர்றதுக்கும் வித்தியாசம் பெருசா தெரியாது. ஆனா வடக்க போகப் போக மேல மேற்குலேர்ந்து கிழக்கா வேகமா அடிக்கிற காத்து இருக்கு, ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க, லண்டன்லேர்ந்து நியூயார்க் போக சுமார் எட்டு மணி நேரம்னா திரும்பி வர ஏழுதான் ஆகும். இதை வச்சு ஏர் இந்தியா பண்ணினது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 2016ல டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாம பசிபிக் வழியா திருப்பி விட்டாங்க, தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கூடுச்சு, ஆனா பின்னாடி காத்து தள்ளினதால பயண நேரம் கொறைஞ்சுது. அதனால தூர ஊருக்கு வெறும் கிலோமீட்டரை வச்சு நேரம் சொல்லாதீங்க.

சரியான நேரம் வேணும்னா விமானம் எங்க போகுதுன்னு காட்டுற ஃப்ளைட்ரேடார்24 வெப்சைட்ல ஃப்ளைட் நம்பரைப் போட்டு, போன சில நாள் எப்போ கெளம்பி எப்போ எறங்குச்சுன்னு பாருங்க, டிக்கெட்டை விட அதுதான் நம்பகமானது. அப்பா அம்மாவைக் கூப்பிடப் போறவங்க அந்த எறங்குற நேரத்தோட இமிக்ரேஷன், லக்கேஜுக்குன்னு ஒரு முக்கால் மணி நேரம் சேர்த்துக்கிட்டு கெளம்புங்க.