'இது யாருக்கும் தோன்றும்' என்று சாஃப்ட்வேர் காப்புரிமையை நிராகரித்தால்: மேல்முறையீடு படிப்படியாக

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவில்தான் பல சாஃப்ட்வேர் விண்ணப்பங்கள் சிக்குகின்றன. இரண்டு மூன்று பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் துறை தெரிந்த சாதாரண ஆளுக்கே இது தோன்றியிருக்கும் என்று விண்ணப்பத்தைப் பார்க்கும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எழுதிவிடுவார். மனம் தளர வேண்டாம், அவருக்கு மேலே அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது.

படி 1: கிளெய்ம், அதாவது நீங்கள் உரிமை கேட்கும் வாசகம், இரண்டு முறை நிராகரிக்கப்பட்டிருக்க வேண்டும். நிபுணரின் உறுதிமொழி போன்ற சான்று ஏதாவது இருந்தால் இப்போதே பரிசோதகரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னால் வாரியத்துக்கு உங்கள் வாதங்களை எழுதிக் கொடுக்கும் வாத மனுவோடு புதுச் சான்றை இணைக்க விடமாட்டார்கள்.

படி 2: கட்டணத்தோடு மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்யுங்கள். அன்றிலிருந்து 2 மாதத்தில் வாத மனு போக வேண்டும்.

படி 3: வாத மனு. உங்கள் நேரத்தையெல்லாம் இதற்குக் கொடுங்கள். கண்டுபிடிப்பு எவ்வளவு அருமையானது என்று பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. கிளெய்மைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எந்தப் பழைய ஆவணத்தில் இருக்கிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். எங்கே கட்டம் காலியாக இருக்கிறதோ, அங்கே பரிசோதகர் என்ன சொல்லி நிரப்பினார் என்று பாருங்கள்.

'சேர்க்கச் சொல்லி எந்த ஆவணத்திலும் இல்லையே' என்ற வாதம் மட்டும் போதாது. 2007-இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொது அறிவையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2016-இல் வந்த அரெண்டி – ஆப்பிள் தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். ஆவணத்தில் உள்ள பெயர், எண் போன்ற தகவலைக் கண்டறிந்து, அதைக் கொண்டு வேறிடத்தில் தேடும் சாஃப்ட்வேர் அது. அந்தத் தேடல் பழைய ஆவணத்தில் இல்லை. பொது அறிவு என்று சொல்லி வாரியம் அதை நிரப்பியது. வாரியத்தின் முடிவுகள் மீதான மேல்முறையீட்டை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விடுபட்ட முக்கியமான அம்சத்தைப் பொது அறிவால் நிரப்புவதென்றால் சான்றும் விளக்கமும் வேண்டும் என்று வாரியத்தின் முடிவை மாற்றியது. (அது ஏற்கெனவே கொடுத்த காப்புரிமையை எதிர்த்து எதிர்த்தரப்பு தொடுத்த வழக்கு, வாரியத்துக்கு வந்த பாதை வேறு. வாதம் உங்களுக்கும் பொருந்தும்.)

படி 4: தனித்து நிற்கக்கூடிய கிளெய்முக்குத் தனித் தலைப்பு கொடுத்து வாதாடுங்கள். மொத்தமாக வாதாடினால் ஒன்று விழும்போது மற்றவையும் விழும்.

படி 5: பரிசோதகரின் பதில் வந்ததும் 2 மாதம் கிடைக்கும். மறுமொழி எழுதுவது உங்கள் விருப்பம். ஆனால் வழக்கை வாரியத்துக்கு அனுப்பும் கட்டணத்தை அதற்குள் கட்டியே ஆக வேண்டும். அப்புறம் வழக்கமாக மூன்று நீதிபதிகள் முடிவு செய்வார்கள். தோற்றால் 63 நாட்களுக்குள் ஃபெடரல் சர்க்யூட்டுக்குப் போகலாம். அங்கே வாரியத்தின் முன் இருந்த ஆவணங்களை வைத்துத்தான் விசாரணை.