அன்கியும் நோட்ஸும்: நான் விட்ட பிழைகளை நீங்கள் விடவேண்டாம்

போன ஞாயிறு பின்னேரம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி லப்டொப்போடு வந்தாள். அடுத்த வருடம் ஏ.எல், பயோ. "அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ. எனக்குத் திறக்கவே மனம் வருகுதில்லை" என்றாள். கேள்வி-விடை அட்டைகளை மறக்குமுன் திரும்பத் திரும்பக் காட்டும் அன்கி செயலியில், அன்றைக்கு மீட்டவேண்டிய அட்டைகள் 1,312 என்று நின்றது. பக்கத்து ஜன்னலில் நோட்ஸ் எழுதும் ஒப்சிடியன். ரியூசன் கொப்பி முழுவதையும் தட்டச்சு செய்து, பாடம் பாடமாகப் பிரித்து, நிறம் போட்டு வைத்திருந்தாள். எத்தனை இரவு முழித்திருப்பாளோ. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மருத்துவ பீடத்தில் படித்த காலத்தில் இப்படி ஒரு எண்ணோடுதான் என் காலைகள் விடிந்தன.

இந்த வருடத்தில் இப்படி வந்த நாலாவது ஆள் அவள். நாலு பேரும் ஒரே பிழைகளைத்தான் விட்டிருந்தார்கள். அதனால் எழுதிவைக்கிறேன். ஒரு நாளும் விடாமல் செய்யவேண்டும், படிக்கிற நேரம் வட்ஸ்அப் பார்க்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

கொப்பியை அப்படியே அட்டையாக்குவது

ஒப்சிடியனில் எழுதிய குறிப்புகளை அன்கிக்கு அனுப்புவதற்கென்று பிளகின்கள், அதாவது சேர்த்துப் போடும் சின்ன மென்பொருள்கள், இருக்கின்றன. தலைப்பைக் கேள்வியாக எடு, கீழே உள்ள பந்தியை விடையாக எடு என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும். பொத்தானை அமத்தினதும் நூற்றுக்கணக்கான அட்டைகள் வந்து குவியும். அந்த நேரம் வருகிற சந்தோசம் பெரியது. பாடம் முழுக்க உள்ளே போய்விட்டது போல இருக்கும். ஒன்றும் போயிருக்காது.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். லப்டொப்பில் சார்ஜ் இருக்கும்போதே எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிட வேண்டும், இருட்டிலும் பெற்றோல் கியூவிலும் நின்று படிக்கலாம் என்று நினைத்தேன். நினைப்பில் பிழை இல்லை. போனில் ஓடும் அன்கியான அன்கிட்ரொயிட் இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஆனால் அந்த அவசரத்தில் ஒரே இரவில் உடற்கூற்றியல் குறிப்புகள் முழுவதையும் 2,400 அட்டைகளாக்கினேன். அன்கி தானாகத் தருவது ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை. பரீட்சை கிட்ட வருகிறதே என்று அதை 100 ஆக்கினேன்.

கணக்கைப் பாருங்கள். நாளாந்த மீட்டலுக்கான எல்லையைப் புதிய அட்டைகளின் 10 மடங்காவது வைக்கச் சொல்லி அன்கியே அமைப்புப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. 100 புதிய அட்டை என்றால் கொஞ்ச நாளில் 1,000 மீட்டல் வந்து நிற்கும். ஒன்றுக்கு 10 செக்கன் என்று வைத்தாலும் இரண்டேமுக்கால் மணித்தியாலம். விரிவுரை, வார்ட், சாப்பாடு எல்லாவற்றையும் தாண்டி அந்த நேரத்தை எங்கேயிருந்து எடுப்பது? ஐந்தாவது கிழமை அன்கியைத் திறப்பதையே விட்டேன்.

நேரம் போனதை விடுங்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது வேறொன்றுக்கு. பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போகும் நரம்புகளின் வலை) என்று ஒரு அட்டை வைத்திருந்தேன். முன்பக்கத்தில் அந்தப் பெயர் மட்டும். பின்பக்கத்தில் 14 வரி. அதை 20 தடவைக்கு மேல் பார்த்து, ஓம் தெரியும் என்று தட்டிவிட்டிருந்தேன். வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினால் எந்த நரம்பு என்று கேட்டார்கள். 14 வரியும் கண்ணுக்குள் நின்றன. எட்டாவது வரி மஞ்சள் நிறம் என்பது கூட நினைவிருந்தது. ரேடியல் நரம்பு என்ற இரண்டு சொல் மட்டும் வாயில் வரவில்லை. அந்தக் கேள்வியை அந்த அட்டை என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லையே.

பந்தியை விடையாக வைத்தால் நடப்பது இதுதான். ஒன்பது விசயத்தில் ஆறு ஞாபகம் வருகிறது, மூன்று வரவில்லை. இப்போது எந்தப் பொத்தானை அமத்துவீர்கள்? மறந்தேன் என்றால் தெரிந்த ஆறையும் நாளைக்குத் திரும்பப் படிக்கவேண்டும். தெரியும் என்றால் தெரியாத மூன்றும் ஒரு மாதத்துக்கு ஒளிந்துகொள்ளும். எதை அமத்தினாலும் பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் அன்கி அடுத்த திகதியைக் கணக்குப் போடுகிறது.

தங்கச்சியின் அட்டை ஒன்றை எடுத்தோம். முன்பக்கத்தில் "கிளைக்கோப்பகுப்பு" (கலம் குளுக்கோசை உடைத்துச் சக்தி எடுக்கும் முதல் படி), பின்பக்கத்தில் ஒன்பது வரி. குறிப்பை மூடச் சொல்லிவிட்டு, "இதில உன்னட்ட என்ன கேப்பினம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கலத்தில் எங்கே நடக்கிறது? குழியவுருவில். ஒட்சிசன் தேவையா? இல்லை. ஒரு குளுக்கோசிலிருந்து எத்தனை பைருவேற்று? 2. தேறிய ஏ.ரீ.பி எத்தனை? 2. அங்கே நிறுத்தி, "4 உருவாகுதெல்லோ, பிறகேன் 2?" என்றேன். பேசாமல் இருந்தாள். தொடக்கத்தில் 2 செலவாகிறது என்பது அவளுடைய குறிப்பிலேயே, அவளுடைய கையாலேயே எழுதப்பட்டிருந்தது. தட்டச்சு செய்யும்போது அது கண்ணில் பட்டிருக்கிறது, மூளைக்குப் போகவில்லை. அந்தக் கேள்வியை ஐந்தாவது அட்டையாக அவளே எழுதினாள். ஒன்பது வரியை அழித்துவிட்டோம். குறிப்பில் அது இருக்கத்தானே போகிறது.

நோட்ஸ் விளங்கிக்கொள்வதற்கான இடம். ஒன்றை இன்னொன்றோடு தொடுப்பது, படம் கீறுவது, சந்தேகத்தை எழுதிவைப்பது எல்லாம் அங்கே. அன்கிக்குப் போகவேண்டியது, விளங்கின பிறகும் கைநழுவிப் போகக்கூடிய சின்னத் துண்டுகள். இரண்டுக்கும் நடுவில் உங்கள் தலை இருக்கவேண்டும். அங்கே பிளகினை உட்காரவைத்தால் படிப்பில் மிக முக்கியமான வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டீர்கள். 1987 இல் சுப்பர்மெமோ என்ற மீட்டல் மென்பொருளைச் செய்த போலந்துக்காரர் பியோத்தர் வொஸ்னியாக் 1999 இல் அட்டை எழுதுவதற்கு 20 விதிகள் எழுதினார். அன்கியின் பழைய கணக்கு முறைக்கு மூலமே அவருடையதுதான். அவர் சொன்ன முதலாவது விதி: விளங்காததைப் பாடமாக்காதே. நான் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் 2,400 அட்டை செய்தேன்.

இப்போது நான் குறிப்பு எழுதிய அன்றைக்கு அட்டை எழுதுவதில்லை. அடுத்த நாள், குறிப்பைத் திறக்காமல், ஞாபகத்திலிருந்து கேள்விகளை எழுதுவேன். பிறகு திறந்து சரிபார்ப்பேன். ஒரு பாடத்துக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வருவது குறைவு.

மற்றவர்களின் டெக்கை (அட்டைக் கட்டை) இறக்குவது

எங்கள் பெடியளுக்கு இதில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. தமிழில் உயிரியல் டெக் கிடைத்தால் பெரும்பாலும் அது தமிழ்நாட்டுப் பாடநூலை வைத்துச் செய்ததாக இருக்கும். அங்கே செல், இங்கே கலம். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. தமனி, சிரை என்பது எங்களுக்கு நாடி, நாளம். மைட்டோகாண்ட்ரியா எங்கள் புத்தகத்தில் இழைமணி. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் ஆறு மாதம் சிரை, சிரை என்று மீட்டிவிட்டு மண்டபத்தில் வினாத்தாளில் நாளத்தைக் கண்டால் ஒரு கணம் தடுமாறும். அந்த ஒரு கணத்தை ஏன் கொடுக்கவேண்டும்?

கம்பஸுக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலம். நாளம் வெயினாகும், நாடி ஆர்ட்டரியாகும். அந்தச் சொற்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு டெக் செய்யுங்கள். முதல் வருடத்தில் எனக்கு மிகவும் கைகொடுத்தது அதுதான்.

ஹார்ட் பொத்தானை அமத்துவது

மறந்துபோன அட்டைக்கு ஹார்ட் அமத்துகிறவர்கள் நிறையப் பேர். அகெய்ன் என்றால் தோற்றது போல இருக்கும் என்று தங்கச்சியும் சொன்னாள். அன்கியின் கணக்கில் ஹார்ட் என்றால் கஷ்டப்பட்டேன், ஆனால் ஞாபகம் வந்தது. அகெய்ன் ஒன்றுதான் மறந்தேன் என்று சொல்லும். 2023 இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து அன்கிக்குள்ளேயே இருக்கும் எவ்.எஸ்.ஆர்.எஸ் என்ற புதிய கணக்கு முறை, நீங்கள் அமத்திய பொத்தான்களைப் பார்த்துத்தான் உங்கள் ஞாபகத்தை எடைபோடுகிறது. மறந்ததுக்கெல்லாம் ஹார்ட் கொடுத்தால் இடைவெளிகள் நீண்டுகொண்டே போகும். அந்த ஒரு அட்டைக்கு மட்டும் அல்ல, எல்லா அட்டைக்கும். எதற்கு எதை அமத்துவது என்று குழம்பினால் அகெய்ன், குட் இரண்டையும் மட்டும் பாவியுங்கள்.

எட்டுத் தடவை மறந்த அட்டையோடு மல்லுக்கட்டுவது

அன்கி அதை லீச் என்று குறிக்கும். தமிழிலும் அது அட்டைதான், இரத்தம் குடிக்கிற அட்டை. அழித்துவிட்டு நோட்ஸுக்குத் திரும்பிப் போங்கள். அங்கேதான் ஏதோ விளங்காமல் கிடக்கிறது.

டெக்குக்குள் டெக்காகப் பிரிப்பது

வேண்டாம். பாடத்துக்கு ஒன்று போதும்.

குறிப்பில் இருக்கும் எண்ணை அழிப்பது

ஒப்சிடியனிலிருந்து அனுப்பிய அட்டைகளுக்குக் கீழே சில பிளகின்கள் நீளமான எண் ஒன்றை எழுதிவைக்கும். வடிவில்லாமல் இருக்கிறதே என்று அதைத் துடைத்துவிடாதீர்கள். அடுத்த தடவை அனுப்பும்போது பிளகினுக்குப் பழைய அட்டையை அடையாளம் தெரியாது, புதிதாக இன்னொன்று செய்யும். மீட்டிய வரலாறு பழையதோடு நின்றுவிடும்.

சிங்க் கேட்கும் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வது

போனையும் லப்டொப்பையும் ஒத்திசைக்கும்போது (சிங்க்) சிலவேளை அன்கி அப்லோடா டவுன்லோடா என்று கேட்கும். இரண்டில் ஒரு பக்கம் முழுவதும் அழியப்போகிறது என்று அர்த்தம். போனில் மீட்டிவிட்டு லப்டொப்பிலிருந்து அப்லோட் கொடுத்தால் போனில் செய்தது போய்விடும். பதில் சொல்ல முதல் இரண்டிலும் இன்றைய எண்ணிக்கையைப் பாருங்கள். பிழையாக டவுன்லோட் கொடுத்து லப்டொப்பில் இருந்தது போய்விட்டால் பதறாமல் லப்டொப் அன்கியில் பேக்கப்பைத் தேடுங்கள், அது தானாக எடுத்து வைத்திருக்கும். படங்களும் ஒலியும் மட்டும் அதற்குள் இருக்காது.

தங்கச்சியின் 1,312 ஐயும் அன்றைக்கே சஸ்பெண்ட் பண்ணிவிட்டோம், அதாவது அழிக்காமல் நிறுத்திவைத்தோம். அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை காலையில் மீட்டுவதற்கு அவளிடம் ஐந்து அட்டை இருந்தது. ஐந்தும் கிளைக்கோப்பகுப்பு.